முதல் டிரே

— நான் குறை சொல்ல வரலை மாஸ்டர். பாதித் தையல்ல மெஷினை நிறுத்திட்டு ரோட்டைத் தாண்டி வந்திருக்கேன்னா, அது ஒரு சந்தேகத்துக்காகத்தான். இந்த ரொட்டியில ஒரு கடி கடிச்சேன். உப்பே இல்ல. என் நாக்கு தப்பா, உங்க ரொட்டி தப்பா?

— டெய்லர், காலங்கார்த்தால விளையாடாதீங்க.

— விளையாடலை. சந்தேகம் தீரலையேன்னு இன்னொரு கடி கடிச்சேன். அப்பவும் இல்ல. பாதி ரொட்டி தீர்ந்துபோச்சு, உப்பு வந்து சேரவே இல்ல. மிச்சம் பாதி இந்தாங்க, நீங்களே தின்னு பாருங்க.

— அவரால தின்ன முடியாது அண்ணே. இப்படிக் கொடுங்க, நான் பாக்கறேன்.

— ஏம்மா தங்கச்சி, உன் வீட்டுக்காரர் சுட்ட ரொட்டியை அவர் ஏன் தின்ன முடியாது?

— தின்னு பாத்துட்டேன், நிஜமாவே இல்லதாங்க. துளி உப்பு கூட இல்ல.

— ஐயோ. காலையில போட்டது அத்தனையும் ஒரே மாவும்மா. பாதிக்கு மேல வித்துப் போச்சே.

— இருங்க, இருங்க. எனக்கு ஒண்ணு புரியலை. தினம் காலையில முதல் டிரே வெளிய வந்ததும் ஒரு ரொட்டியைப் பிப்பீங்க, ஊதுவீங்க, வாயில போட்டுக்கிட்டுக் கண்ணை மூடுவீங்க. அப்புறம்தான் கடைக் கதவைத் திறப்பீங்க. எதிர்க்கடையில உக்காந்து நானும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். இன்னைக்கு என்ன ஆச்சு?

— சொல்லிடுங்க. தெரு பூரா தெரியறதுக்கு முன்னாடி எதிர்க்கடைக்காரருக்காவது தெரியட்டும்.

— என்னத்தைச் சொல்ல? எனக்குக் கோதுமை ஆகாதாம் டெய்லர்.

— ஆகாதுன்னா? பிடிக்காதா?

— பிடிக்காம இருந்தா நல்லா இருந்திருக்கும். உடம்புக்கு ஆகாது. போன மாசம் ரத்தம் எடுத்து, வாய் வழியா குழாய் விட்டு, உள்ள ஒரு துளி சதையைக் கிள்ளிப் பாத்துட்டு டாக்டர் சொன்னார். சீலியாக்னு பேராம். கோதுமை, மைதா எதுவும் வயித்துக்குள்ள இறங்கக் கூடாது.

— மாஸ்டர், நீங்க ரொட்டிக்கடை வெச்சிருக்கீங்க.

— அது எனக்குத் தெரியும்.

— டாக்டருக்குத் தெரியுமான்னு கேட்டேன்.

— தெரியும். சிரிச்சுட்டார். அப்புறம் சிரிச்சதுக்கு மன்னிப்புக் கேட்டார்.

— நாளைக்கு எனக்கு நூல் ஆகாதுன்னு ஒருத்தர் சொன்னா நான் எப்படிச் சட்டை தைப்பேன்? பட்டனை எல்லாம் உடம்புலயே ஒட்டிவிடவா? சரி, உள்ள போய் அந்தக் கோதுமை என்னதான் பண்ணுது? இதைத் தெரிஞ்சுக்காம எனக்கு வேலை ஓடாது.

— டாக்டர் படம் போட்டுக் காட்டினார் அண்ணே. குடலோட உள்பக்கம் குட்டிக் குட்டியா முடி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குமாம். சாப்பாட்டுல இருக்கற சத்தை அதுதான் உறிஞ்சுமாம். இவருக்குக் கோதுமை உள்ள போனா, யாரோ எதிரி வந்துட்டான்னு உடம்பே சண்டைக்கு நிக்குது. அந்தச் சண்டையில அடி வாங்கறது அந்த முடிங்கதான். தேஞ்சு மழமழன்னு ஆயிடுது.

— துண்டு.

— என்ன துண்டு?

— குளிச்சுட்டுத் துவட்டற துண்டும்மா. புதுசுல வளையம் வளையமா நூல் நிக்கும், தண்ணியைக் குடிக்கும். பழசானா நூலெல்லாம் போய் மொட்டையாயிடும். தேய் தேய்னு தேச்சாலும் ஈரம் அப்படியே நிக்கும்.

— அதேதான். படத்துல அப்படித்தான் இருந்துச்சு.

— ஆக, மாஸ்டர் துண்டு மொட்டை.

— மொட்டைதான். ஆனா கோதுமை படாம இருந்தா அந்த நூல் மறுபடி வளருமாம்.

— வளருமா? அடேயப்பா! என் கடையில எந்தத் துணியும் அந்த வேலை பண்ணாது. எத்தனை நாளைக்குப் படாம இருக்கணும்?

— உசுரு இருக்கற வரைக்கும் டெய்லர். வளந்துடுச்சேன்னு திரும்பத் தின்னா திரும்ப மொட்டை. இதுக்கு மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. தின்னாம இருக்கறதுதான் மருந்து. வேடிக்கையைப் பாருங்க. இத்தனை வருஷமா தினம் காலையில எதிரியை நானே கூப்பிட்டு, கண்ணை மூடி ருசிச்சு, உள்ள அனுப்பி வெச்சிருக்கேன்.

— அப்போ நான் ஒண்ணு கேக்கறேன். வருஷா வருஷம் உங்க பேன்ட் இடுப்பைப் பிடிச்சுக் கொடுத்தது யாரு? ‘ரொட்டிக்கடைக்காரர் இளைக்கறாரே, என்ன விஷயம்’னு கேட்டது யாரு?

— நீங்கதான்.

— உங்க நோயை முதல்ல கண்டுபிடிச்சவன் நான். யாரு மதிச்சா?

— கண்டுபிடிச்சு என்ன பண்ணீங்க அண்ணே? இடுப்புல ஒரு தையல் போட்டு மறைச்சு விட்டீங்க.

— அதுவும் சரிதான். சட்டைக் காலருக்கு நான் போடற கஞ்சி மைதாக் கஞ்சி மாஸ்டர். அது ஆகுமா?

— காலரைக் கடிக்கற பழக்கம் எனக்கு இல்ல.

— சும்மா தெரிஞ்சுக்கக் கேட்டேன். அதான் கொஞ்ச நாளா மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கிட்டு ஆபரேஷனுக்குப் போற மாதிரி நிக்கறீங்களா? நான் சுத்தத்துக்குன்னு நெனச்சு, வர்ற கஸ்டமர்கிட்டயெல்லாம் உங்களைப் புகழ்ந்து வெச்சிருக்கேன்.

— மாவுத் தூசி மூக்குல ஏறித் தொண்டையில இறங்குமாம். அதுக்கு மாஸ்க். கையில ஒட்டினது மறந்தாப்புல வாய்க்குப் போயிடுமாம். அதுக்குக் கையுறை. நாக்கு போச்சா, கூடவே மூக்கு போச்சு, கையும் போச்சு. மிச்சம் கண்ணும் காதும்தான்.

— காதா? ரொட்டிக்கு எதுக்குக் காது?

— வெந்த ரொட்டியைத் திருப்பி அடியில தட்டுவேன். காலி டப்பா மாதிரி சத்தம் வந்தா உள்ள வெந்திருக்கு. மந்தமா வந்தா ஈரம்.

— இன்னைக்குத் தட்டினீங்களா?

— தட்டினேன். நல்லாத்தான் சொல்லிச்சு. உப்பு இருக்கா இல்லையான்னு அது சொல்லாதே.

— அப்போ ருசி பாக்கறது யாரு? தங்கச்சியா?

— நான் பாக்கறேன், பாக்கறேன்னு வாய் வலிக்கச் சொன்னேன் அண்ணே. ‘என் ரொட்டிக்கு இன்னொருத்தர் நாக்கா’ன்னு ஒரே பேச்சு. பக்கத்துலயே விட மாட்டேன்னுட்டார். சரி, கண்ணு என்ன சொல்லிச்சு உங்களுக்கு?

— கொஞ்சம் வெளுத்துத் தெரிஞ்சுது. அடுப்புச் சூடு பத்தலைன்னு நெனச்சேன்.

— சரி, அப்புறம்?

— மாவு வழக்கத்தை விட சீக்கிரம் பொங்கிடுச்சு. புழுக்கம்னு நெனச்சேன்.

— சரி, அப்புறம்?

— உருட்டும்போது சொதசொதன்னு பரவின மாதிரி இருந்துச்சு. கையுறை போட்டதுல அப்படித் தோணுதுன்னு நெனச்சேன். மாவை இழுத்துப் பிடிக்கறதே உப்புதான். ஈஸ்ட் துள்ளாம அடக்கி வைக்கறதும் உப்புதான். எல்லாம் கண்ணு முன்னாடி வரிசை கட்டி நின்னிருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சமாதானம் சொல்லி அனுப்பி வெச்சிருக்கேன்.

— ஒரு துணுக்கு வாயில போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும், இல்லையா மாஸ்டர்?

— போட்ட நிமிஷமே தெரிஞ்சிருக்கும்.

— போடலையா?

— என்னம்மா?

— ஒரு துணுக்கு. மென்னு துப்பறதுக்குக் கூட இன்னைக்கு வாயில போடலையா?

— போடலை.

— நிஜமா?

— நிஜமா.

— முதல் டிரே வந்தப்போ கூடவா?

— தங்கச்சி, போலீஸ் ஸ்டேஷன்ல கூட இத்தனை தடவை கேக்க மாட்டாங்க.

— உங்களுக்குத் தெரியாது அண்ணே. டாக்டர்கிட்ட போயிட்டு வந்த அன்னைக்கு, இனிமே தொடவே மாட்டேன்னு சொன்னார். நானும் நம்பினேன். அதே வாரம் மாஸ்கைத் துவைக்க எடுத்தா, மடிப்புக்குள்ள ரொட்டித் துணுக்கு.

— முழுங்கலைம்மா. மென்னுட்டுத் துப்பினேன். துப்பினா கணக்குல வராதுன்னு நானா ஒரு சட்டம் போட்டுக்கிட்டேன்.

— அதுக்கு டாக்டர் என்ன சொன்னார் மாஸ்டர்?

— கண்ணுக்குத் தெரியாத தூளே போதும், உங்க சட்டம் குடலுக்குத் தெரியாதுன்னார்.

— இதோட முடியலை அண்ணே. அதுக்கு மறுநாள்ல இருந்து மாஸ்கை இவரே துவைக்க ஆரம்பிச்சுட்டார். கல்யாணம் ஆனதுல இருந்து ஒரு கைக்குட்டையை நனைச்சது கிடையாது இந்த மனுஷன்.

— அது கொஞ்சம் இடிக்குது மாஸ்டர்.

— டெய்லர், உங்க மெஷின் தனியா நிக்குது.

— கிளம்பறேன், கிளம்பறேன். நாளைக்கு உப்போட ஒண்ணு எனக்கு எடுத்து வைங்க. இன்னொரு விஷயம். அந்த பேன்ட்டையெல்லாம் தூக்கிப் போட்டுடாதீங்க. பிடிச்ச இடத்துல ஒரு துணியையும் வெட்டலை, எல்லாம் உள்ளயே மடிச்சு விட்டிருக்கேன். உங்க துண்டுல நூல் வளரட்டும், இடுப்பைப் பிரிச்சு விடறது என் வேலை. வரேன் தங்கச்சி.

— வாங்க அண்ணே.

— ஏம்மா, அவர் முன்னாடி வெச்சு அப்படித்தான் கேக்கணுமா?

— அவர் முன்னாடி நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. என் முன்னாடின்னா, நான் வருத்தப்படக் கூடாதுன்னு சொல்லுவீங்க.

— மாஸ்கை ஏன் நானே துவைக்கறேன்னு ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?

— இப்போ கேக்கறேன். ஏன்?

— துணுக்கு கிடைச்ச அன்னைக்கு நீ கொல்லையில நின்னு அந்த மாஸ்கை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சே. ஒவ்வொரு மடிப்பையும் பிரிச்சுப் பாத்தே. திருடனோட சட்டைப்பையைத் தேடற மாதிரி. ஜன்னல் வழியா நான் பாத்துக்கிட்டு நின்னேன். வெக்கமாப் போச்சு. அதோட அந்த ஆசை விட்டுப் போச்சும்மா. ஆனா மறுபடி உன் கையில அந்த மாஸ்கைக் கொடுக்கவும் முடியலை.

— அதைச் சொல்லியிருக்கலாமேங்க.

— எப்படிச் சொல்றது? தின்னேங்கறதுக்குத் துணுக்கு சாட்சி சொல்லிச்சு. தின்னலைங்கறதுக்கு எது வந்து சாட்சி சொல்லும்? அதை விடு. என் போனைப் பாத்தியா?

— எதுக்கு?

— ஈஸ்ட் கொண்டு வர்றவர்கிட்ட நாளையில இருந்து வேண்டாம்னு சொல்லணும். கடையை மூடிடலாம்.

— என்னங்க பேச்சு இது?

— பின்ன என்ன? உப்பு இல்லாத ரொட்டியை நானே சுட்டு, நானே வித்திருக்கேன். எதிர்க்கடையில இருந்து ஆள் வந்து சொல்லித்தான் எனக்கே தெரியுது. ருசி தெரியாத மாஸ்டர் எதுக்கு? இன்னைக்கு உப்பு, நாளைக்குப் புளிச்சுப்போன மாவையே சுட்டு வைப்பேன்.

— போனை வைங்க. முதல்ல உக்காருங்க. நான் ஒண்ணு சொல்லணும்.

— இரு, ஒரு நிமிஷம் இரு. எனக்கு ஒரு விஷயம் இடிக்குது. நேத்து சாயங்காலம் நான் உப்பு கரைச்சேனே.

— அதை விடுங்க. நான் சொல்றதைக் கேளுங்க.

— எப்படி விடறது? உப்பைத் தண்ணியில கரைச்சு ஜாடியில மூடி வெச்சாத்தான் எனக்குத் தூக்கமே வரும், உனக்குத் தெரியாதா? நேத்தும் கரைச்சேன். கரண்டி ஜாடியில டங்குன்னு பட்டுது. உடைச்சுடாதீங்கன்னு நீதானே கத்தினே?

— கத்தினேன்.

— காலையில அந்தத் தண்ணியைத்தான் மாவுல ஊத்தினேன். ஊத்தினது கண்ணுல நிக்குது. அப்போ உப்பு எங்க போச்சு? இல்ல, மறதியும் இந்த நோயோட சேர்த்தியா? டாக்டர்கிட்ட கேக்கணும். அந்த ஜாடியை எடு.

— எதுக்குங்க?

— இன்னும் கழுவலை. அடியில கொஞ்சம் தண்ணி நிக்கும். நாக்குல வெச்சா தெரிஞ்சுடும்.

— வாயில எதையும் வைக்காதீங்க.

— மூடி போட்ட ஜாடியில, உப்புத் தண்ணியில ஏதும்மா கோதுமை? அட! அட! இதை ஏன் நான் யோசிக்கலை? மாவு சேர்றதுக்கு முன்னாடி எல்லாமே எனக்கு ஆகும்! உப்புத் தண்ணி ஆகும், சர்க்கரைத் தண்ணி ஆகும். மாவு தொடாத கரண்டியா தனியா ஒண்ணு வெச்சுக்கிட்டா எல்லாத்தையும் நாக்குல வெச்சுப் பாக்கலாமே!

— சரி, அப்புறம்?

— மாவு சேந்ததுக்கு அப்புறம் உள்ளதை நீ பாரு. முதல் டிரே வந்ததும் நீ பிச்சு வாயில போடு, கண்ணை மூடு. நான் உன் மூஞ்சியைப் பாத்துக்கறேன்.

— இன்னொருத்தர் நாக்கான்னு கேட்டீங்களே?

— கேட்டேன். இப்போ கேக்கலை. கொடு அந்த ஜாடியை. இதோ பாரு, இவ்வளவு மிச்சம் இருக்கு.

— என்னங்க...

— வெறும் தண்ணி. வெறும் தண்ணிம்மா. உப்பு பேருக்குக் கூட இல்ல. நான் கரைச்சேன், சத்தியமா கரைச்சேன். ஏய், ஏன் அழறே? ரொட்டி கெட்டதுக்கு நான்தானே அழணும்? எதுக்கு அழுதுக்கிட்டே சிரிக்கறே?

— நீங்க கரைச்ச உப்பைக் கொட்டிட்டு அதுல வெறும் தண்ணியை ஊத்தி வெச்சது நான்தாங்க. முதல் டிரே வெளிய வந்ததும் ‘உப்பு எங்க’ன்னு கத்திடப் போறீங்களேன்னு கதவுக்குப் பின்னாடி காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன், நீங்க கத்தவே இல்ல.