காய்ச்சிக் குடிம்மா

தனியாகச் சாப்பிடுவது எனக்குப் பழகிவிட்டது, ஐயா. அமைச்சர் பங்களாவில் சாப்பாட்டு மேசை பெரியது. ஓர் ஓரமாகத் தட்டை வைத்துக்கொள்வேன். நீங்கள் விசாரணைக்கு வருகிறீர்கள் என்றதும், பேச ஆள் கிடைத்தது என்றுதான் முதலில் தோன்றியது.

கட்சி தொடங்கியபோது மற்றவர்கள் எனக்கு வைத்த பெயர் 'செடிக்காரர்'. காற்று, மண், தண்ணீர் என்று தொண்டை வற்றப் பேசுவேன். நன்றாகக் கைதட்டுவார்கள். ஓட்டு மட்டும் வேறு ஆளுக்கு விழும். நின்ற இடமெல்லாம் டெபாசிட் காலி.

ஒருமுறை, மலையடிவார ஊர் ஒன்றில் குடிநீர் கெட்டிருப்பதை முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொன்னோம். குழாய்களை அடைத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தேர்தலில் அங்கே ஓட்டுக் கேட்டுப் போனபோது ஒரு கடைக்காரர் சிரித்தார்.

"ஒண்ணுமே ஆகலையே சார். சும்மா பூச்சாண்டி காட்டுனீங்க."

காப்பாற்றப்பட்டவர்களுக்குத் தாங்கள் காப்பாற்றப்பட்டது தெரிவதே இல்லை. அன்றுதான் எனக்கு அது உறைத்தது.

அதனால் சாயத் தொழிற்சாலை ஊர் விஷயத்தில் நான் அவசரப்படவில்லை. எங்கள் கட்சியிலிருந்த வேதியியல் ஆசிரியை அந்த ஊர்க் குடிநீரைச் சோதித்துவிட்டு நேராக என் அறைக்கு வந்தார். ஆலைக் கழிவு நிலத்தடி நீரில் இறங்கியிருந்தது.

"இன்னைக்கே சொல்லிடலாம் தலைவரே. குழந்தைங்க குடிக்கிற தண்ணி."

"இன்னொரு தடவை சோதிச்சுப் பாருங்கம்மா. தப்பாப் போச்சுன்னா நம்ம மானம்தான் போகும்."

சோதித்தார். மறுபடியும் சோதிக்கச் சொன்னேன். தேர்தல் நெருங்கும்வரை அப்படியே ஓட்டினேன். பாவம், நம்பினார்.

என் தங்கை அந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தையல் கடை வைத்திருந்தாள். எனக்குக் குடும்பம் குட்டி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்கிற ஒரே ஆள் அவள்தான்.

"அண்ணா, தண்ணி ஒரு மாதிரி கசக்குது. உன் ஆளுங்க யாரையாவது வந்து பாக்கச் சொல்லேன்."

"காய்ச்சிக் குடிம்மா," என்றேன்.

காய்ச்சினால் போகிற விஷம் இல்லை அது. எனக்குத் தெரியும். ஆனால் அவளிடம் சொன்னால் தெருவுக்கே சொல்லிவிடுவாள். அவள் சுபாவம் அப்படி. தங்கைக்கு ஒரு நியாயம், ஊராருக்கு ஒரு நியாயம் என்று நடந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அந்த ஊர்க் குழந்தைகள் சிலர் இறந்துபோனார்கள். பிறகு அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. அவள் உடலுக்குப் பக்கத்தில் நின்று, தண்ணீரில் ஆலை விஷம் என்று நான் பேசியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. என் குரல் உடைந்தது நடிப்பில்லை, ஐயா.

அந்தத் தேர்தலில் ஓட்டு எங்களுக்கு விழுந்தது; எங்கள் தயவில்லாமல் யாரும் ஆட்சி அமைக்க முடியாத நிலை வந்தது. அமைச்சரானேன். ஆலைகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தில்தான் முதல் கையெழுத்து. அதனால் எத்தனை ஊர்கள் பிழைத்தன என்று நீங்களே விசாரித்துக்கொள்ளலாம்.

ஆசிரியை கட்சியை விட்டுப் போய்விட்டார். உங்களிடம் வந்தது அவர்தான் என்றால் எனக்குக் கோபமில்லை. தங்கை வீட்டுக்காரர் என் போனை எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

ஆமாம், தெரிந்தேதான் குடிக்க விட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வருத்தம்தான். அந்தத் தேர்தலின்போது அவள் இல்லை. இருந்திருந்தால் எனக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பாள்.