ஒரு பக்கம் அடைத்த மூக்கு

எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை, மன்னித்துவிடுங்கள். காதில் விழுந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அடையாறு பக்கம் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவமனை. எனக்கு முன் வரிசையில் ஒரே தெருவிலிருந்து வந்த இரண்டு பெண்கள், மூத்தவர் தனம், இளையவர் கலா. இருவருக்கும் மூக்கில் சதை வளர்ந்திருந்தது.

"எனக்கு ரெண்டு பக்கமும் அடைச்சிக்கினு கீது. சொட்டு மருந்து குடுத்துட்டு பூட்டாங்க. உனக்கு ஒரு பக்கம்தான். அத்தினி டாக்டரும் உன்னியே சுத்திக்கினு கீறாங்க, இன்னாடி அது?" என்றார் தனம்.

"ஒரு பக்கம் மட்டும் அடைச்சி ரத்தம் வந்தாதான் அவங்களுக்கு பயமாம்க்கா. அபூர்வமான கட்டியாம். வெட்டி அனுப்பின சதைய பாத்து பேர் சொல்ல முடியலன்னு இன்னொரு லேபுக்கு அனுப்பிகீறாங்க. கேன்சரா இல்லியான்னு நாளைக்கு தெரியும்."

"அபூர்வமா! உனக்குன்னா மூக்குல கூட ஒஸ்தி."

"மாத்திக்கலாமாக்கா? உன் சொட்டு மருந்த எனக்குக் குடேன்."

தனம் கையிலிருந்த சொட்டு மருந்தைப் பைக்குள் வைத்தார்.

மறுநாள் நான் போனபோது, கேன்சர்தான் என்று கலா போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். தனம் கலாவின் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். தனத்தை அன்று யாரும் வரச் சொல்லியிருக்கவில்லை.