என் பொண்ணோட பங்கு

கையைக் கொஞ்சம் தூக்குங்க ஐயா, புது அங்கி அக்குள்ல பிடிக்கக் கூடாது பாருங்க. என் மனுவுக்குச் சபைக் கமிட்டி என்ன சொல்லுச்சுன்னு நீங்க வாயத் தொறக்கவே வேணாம். கடைக்குள்ள காலெடுத்து வைக்கும்போதே மூஞ்சியில தெரிஞ்சுபோச்சு. என் பொண்ணுக்குத் திருவிருந்து கெடையாதுன்னுட்டாங்க. அதானே?

பயப்படாதீங்க, அவ சத்தம்தான் அது. தையல் மெஷினுக்குப் பின்னால கட்டில்ல படுத்திருக்கா. ஆள் வந்தா சந்தோஷத்துல அப்படிக் கத்துவா. கோயில்லயும் அதே சந்தோஷம்தான், ஆனா அங்க அதுக்குப் பேரு இடைஞ்சல். அதனாலதானே கதவோரம் கடைசி பெஞ்சுல எங்கள ஒதுக்கி வச்சிருக்கீங்க.

திருவிருந்துல சேர்க்கறதுக்கு முன்னால கேக்குற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியலையாமா? தெரியாதுதான். இருபது வயசு தாண்டிடுச்சு, அப்பான்னு ஒரு தடவ கூப்பிட்டதில்ல. அவகிட்டப் போயி உன்னைப் படைத்தவர் யாருன்னா என்னத்தச் சொல்லுவா? அவளுக்குப் பதிலா நான் சொல்றேன்னு கேட்டுப் பார்த்தேன், சட்டத்துல எடமில்லயாம். ஞானஸ்நானத்தப்ப அவளுக்காக நான்தானே பதில் சொன்னேன்? அன்னிக்குச் செல்லுபடியான வாய் இன்னிக்கு எப்படி ஐயா செல்லாக்காசாப் போச்சு?

அவ வயசுப் பசங்க அந்தக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லித் திருவிருந்துக்குச் சேர்ந்த திடப்படுத்தல் அன்னிக்கு, வெள்ளை உடுப்பு தச்சுக் குடுத்ததே நான்தான். கிளிப்பிள்ளையாட்டம் அத்தனையும் ஒப்பிச்சாங்க. அதுக்கப்புறம் பாதிப் பேரைக் கோயில் பக்கமே காணோம். ஆனா அவங்களுக்குத் தகுதி இருக்கு.

என்னது, தலையில கை வச்சு ஆசீர்வாதமா? வேணாம் ஐயா. வர்ற போதகரெல்லாம் கை வச்சு வச்சு அவ முடி கொட்டினதுதான் மிச்சம். பந்திக்கு வந்தவளுக்கு எலை போடாம, முதுகத் தடவி அனுப்புவீங்களா?

போன வாரம் நல்லாப் பேசினீங்க. ஒவ்வொரு மனுஷனும் கடவுளோட சாயல்னு. அவ வாயோர எச்சியத் தொடச்சுக்கிட்டேதான் கேட்டேன், புல்லரிச்சுப் போச்சு. அப்ப இந்த மொகம் யாரு சாயல்? கமிட்டியில அதையும் ஓட்டுக்கு விட்டாங்களா? அவ ஆண்டவர் எனக்குக் குடுத்த சிலுவையாம், உங்க பொருளாளர் சொல்லுறாரு. சிலுவைய யாராவது குளிப்பாட்டித் தலை வாரி விடுவாங்களா? அவ எனக்குப் பொண்ணு ஐயா. அவளுக்குச் சீக்கிரம் விடுதலை கெடைக்கணும்னு ஜெபம் பண்ணின ஆளும் உங்க சபையிலதான் இருக்காரு. சாவுன்னு சொல்லக் கூச்சம். இதையெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் அவ அம்மா கோயிலுக்கு வர்றதையே நிறுத்திட்டா.

கோவமா? எனக்கா? கோவம் வந்தா கத்திரி கோணிக்கும், பொழப்புப் போயிடும். நிமிந்து நில்லுங்க, தோளளவு எடுக்கணும்.

ஒண்ணு சொல்லிடறேன், கமிட்டியில போட்டுக் குடுத்தாலும் சரி. அவளால எதையும் மெல்ல முடியாது. நான் மென்னு மசிச்சு ஊட்டினாத்தான் தொண்டையில எறங்கும். திருவிருந்துல நீங்க என் உள்ளங்கையில அப்பம் வைக்கிறீங்கல்ல, அதை நான் முழுங்குறதில்ல. வாயில அடக்கிக்கிட்டே பெஞ்சுக்குப் போயி, குனிஞ்சு அவளுக்குக் குடுத்துடுவேன். நான் அழுது ஜெபம் பண்றேன்னு ஊரே நெனச்சுக்கிட்டிருக்கு. ஒருநாள் நீங்ககூட வந்து தட்டிக்குடுத்துட்டுப் போனீங்க.

இன்னிக்கு நேத்திக்கில்ல, பழைய ஐயா காலத்துலேர்ந்து இப்படித்தான். நகத்தளவு துண்டு, அதுல ரெண்டு பேருக்கு எங்க பங்கு வைக்கிறது? அதனால அவ பங்கு அவளுக்குப் போயிக்கிட்டேதான் இருக்கு, உங்க கமிட்டியால அதை நிறுத்த முடியாது. இப்ப அவ பேர்ல இன்னொரு துண்டு குடுங்கன்னு மனு போட்டேனே, அது எனக்கு ஐயா. நான் சாப்பிட்டு ரொம்ப வருஷமாச்சு.