கயிறு கட்டிய கேன்

மீன்தொட்டியில் தண்ணீர் தினமும் கொஞ்சம் குறையும். காற்றோடு போய்விடுகிறது. கடல்மீன் தொட்டியாக இருந்தால் அந்தக் குறைவை நல்ல தண்ணீர் ஊற்றித்தான் நிரப்ப வேண்டும். ஏனென்றால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கிவிடும். மேலும் மேலும் உப்புத்தண்ணீரையே ஊற்றினால் தொட்டி கரித்துப்போகும். புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் இந்தத் தப்பைத்தான் செய்வார்கள் என்று மீன்கடைக்காரர் முதல் நாளே எச்சரித்தார். என் தம்பி அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லி மனதில் வாங்கிக்கொண்டான். நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

கிடைத்த வேலையை அவன் ஏன் வேண்டாமென்று எழுதினான் என்று கேட்டு வந்திருக்கிறீர்கள். பார்வை போனபின் அவனுக்குக் கோல் பிடித்து நடக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியை நீங்கள். உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை.

அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது, எனக்கு இருபது. ஊட்டியது, குளிப்பாட்டியது, பள்ளிக்கூடத்தில் விட்டது எல்லாம் நான்தான். எனக்கு வந்த கல்யாணப் பேச்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கழித்தேன். சொந்தக்காரர்கள் அதைத் தியாகம் என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதுதான் உண்மை. இருபத்துநான்கு வயதில் அவனுக்குக் கண் நரம்பு பட்டுப்போனபோது மற்றவர்களைப் போல நானும் அழுதேன். அழுதுகொண்டே, இனி இவன் எங்கேயும் போகமாட்டான் என்றும் நினைத்தேன்.

ஆறு மாதம் ஓர் உயிரை ஒருவர் துணையும் இல்லாமல் வளர்த்துக் காட்டு, பிறகு வெளியூர் வேலையைப் பற்றிப் பேசலாம் என்று நீங்கள்தான் அவனிடம் சொன்னீர்கள். உங்களிடம் கற்ற மற்றவர்கள் பூந்தொட்டியோடு நிறுத்திக்கொண்டார்கள். இவன் கடல்மீன் என்றான். நீங்கள்கூடச் சிரித்தீர்கள்.

அவன் கணக்கு வேறு. உளுவை என்றொரு சிறிய மீன், கடையில் கோபி என்பார்கள். அதோடு ஒரே வளையில் குடியிருக்கும் இறால் ஒன்று உண்டு. அந்த இறால் கொடுக்கால் சொடுக்குப் போடும், சத்தம் கண்ணாடிக்கு வெளியேயும் கேட்கும். காதால் பார்க்கக்கூடிய தொட்டி அது. நாற்பது லிட்டர் பெட்டியை வாங்கினான். இறால் தோண்டும்போது கல் சரியக்கூடாதென்று முதலில் பாறைகளை அடியில் அமர்த்தினான், பிறகுதான் மணலைப் போட்டான். மீனே இல்லாமல் ஐந்து வாரம் தொட்டியை ஓட்டினான்.

"வெறும் தண்ணிக்கு எதுக்குடா இவ்ளோ மரியாதை?" என்று கிண்டல் செய்தேன்.

"தண்ணி பக்குவப்படணும்க்கா. அவசரப்பட்டா எல்லாம் போயிடும்."

வளை வாசலில் நின்று காவல் காத்த மீனுக்கு வாட்ச்மேன் என்று பெயர் வைத்தான். நாள் முழுக்க மணல் அள்ளிக் கொட்டிய இறாலுக்கு மேஸ்திரி. இறாலுக்குப் பார்வை மங்கல். மீசையை மீன்மேல் வைத்தபடியேதான் வெளியே வரும்.

"மேஸ்திரிக்கும் கண்ணு சரியில்லக்கா. ஆனா வேலைக்குப் போறான் பாரு" என்பான்.

வாட்ச்மேன் இல்லாமல் மேஸ்திரி வெளியே வருவதில்லை என்பதைத்தான் நான் கவனித்தேன்.

இரண்டு கேன்கள் வைத்திருந்தான். வாரம் ஒருமுறை மாற்ற வேண்டிய உப்புத்தண்ணீர்க் கேனின் பிடியில் கயிறு கட்டியிருக்கும். நல்ல தண்ணீர்க் கேனில் இருக்காது. தொட்டியின் உள்பக்கம் ஒரு சொட்டுப் பசை ஒட்டி வைத்திருந்தான். விரலில் அது தட்டுப்படும்வரை தினமும் காலையில் ஊற்றுவான். உப்பு அளக்கும் கருவியின் முள் ஒன்றுதான் அவனுக்கு எட்டவில்லை. அது இருபத்தைந்தில் நின்றால் உப்பு சரி. ஞாயிறுதோறும் நான் பார்த்துச் சொல்வேன்.

நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்போதுதான் வேலை உத்தரவு வந்தது. எட்டு மணி நேர ரயில் தூரத்தில் தொலைபேசிச் சேவை வேலை, தங்க அறையும் உண்டு. ஆறு மாதம் முடிந்ததும் தொட்டியோடு போகப்போவதாகச் சொன்னான். "இனிமே நீ உன் வாழ்க்கையைப் பாருக்கா" என்றான். அன்பாகத்தான் சொன்னான். நான் அடுப்படிக்குப் போய் நின்றேன். பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

மறுநாள் அவன் குளிக்கப் போயிருந்தபோது கயிற்றை அவிழ்த்து நல்ல தண்ணீர்க் கேனில் கட்டினேன். அவன் போடும் அதே இரட்டை முடிச்சு. தண்ணீர் மாற்றும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கயிறு பழைய கேனுக்குத் திரும்பிவிடும். உப்புத்தண்ணீர் குறைந்ததை நானே கலந்து ஈடுகட்டினேன். முன்பெல்லாம் ஊற்றுவதற்கு முன் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பான். "கண்டதை நாக்குல வைக்காதடா, வயித்துக்கு ஆகாது" என்றேன். உடனே விட்டுவிட்டான். அக்கா சொன்னால் அவன் கேட்பான்.

தொட்டியில் நான் ஒரு சிட்டிகை உப்புகூடப் போடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"எவ்ளோக்கா காட்டுது?"

"இருபத்தஞ்சுலயே நிக்குது."

மூன்றாம் வாரம் முள் அளவின் கடைசிக் கோட்டில் முட்டி நின்றது. அப்போதும் இருபத்தைந்து என்றேன். சொடுக்குச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஐந்தாம் வாரம் நின்றுபோனது. அன்று காலை முழுக்கக் கண்ணாடியில் காதை வைத்து உட்கார்ந்திருந்தான். வாட்ச்மேன் என்ன செய்கிறான் என்று கேட்டான். காலியான வளை வாசலில் அது வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "நிக்கிறான்" என்றேன். அப்போதாவது நல்ல தண்ணீர் ஊற்றியிருக்கலாம். கேன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் ஊற்றவில்லை. இரண்டு நாளில் அதுவும் போய்விட்டது.

"நான் எங்கக்கா தப்புப் பண்ணேன்?" என்று கேட்டான்.

"நீ என்னடா பண்ணுவே, கண்ணு தெரியாத புள்ள" என்றேன்.

அவனுக்குக் கண் போன பிறகு அந்த வார்த்தை எங்கள் வீட்டில் ஒலித்தது அதுவே முதல் தடவை. மீனைக் கொன்றதைவிட அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அன்றைக்கே உங்களுக்குக் கடிதம் எழுதினான். இப்போது கோல் மூலையில் கிடக்கிறது. தட்டில் எது எங்கே இருக்கிறது என்றுகூட நான் சொல்லித்தான் சாப்பிடுகிறான். சட்டைப் பொத்தான் சரியா என்று என்னைக் கேட்கிறான். நான் ஆசைப்பட்டது இதைத்தான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அந்த வேலையைத் திங்கட்கிழமைவரை அவனுக்காக நிறுத்தி வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் உள்ளே போய் நீங்கள் இதைச் சொல்ல வேண்டாம், அவன் தாங்கமாட்டான். என் வாயால் கேட்டால்தான் தாங்குவான். நானே சொல்லிவிடுகிறேன், ஒன்றும் மறைக்கமாட்டேன். திங்கட்கிழமை மட்டும் கழியட்டும்.