பந்தில் சுண்ணாம்பு தேடியவர்

இந்தக் கூட்டத்துக்குத் தன் கல்யாண மண்டபத்தையும் தந்து, தலைமையும் ஏற்றிருக்கும் கீழ்க்கட்டளைப் பெரியவர் ஏகநாதன் அவர்களே, மேடையில் என் பக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற நடுவர் ஸ்ரீநிவாசராகவன் அவர்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் நண்பர்களே, ஒரு வேலையாக வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மறைந்த தனசிங்கோடு ஒரே கம்பெனி அணியில் ஆடியவன் என்ற உரிமையில் பேசுகிறேன். வாசலில் வைத்த பேனரைப் பார்த்தேன். ‘இறகுப்பந்து வேந்தர்’ என்று போட்டு, கையில் இறகுப்பந்து மட்டையும் கொடுத்திருக்கிறார்கள். தனசிங் ஆடியது பூப்பந்து. மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், வெட்டவெளி மண்தரை. இறகுப்பந்தை அவர் தொட்டதே இல்லை. காற்றுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு ஆடும் ஆட்டத்தின் மேல் அவருக்குச் சந்தேகம் இருந்தது.

எதன் மேல்தான் அவருக்குச் சந்தேகம் இல்லை?

எண்பதுகளில் கம்பெனி அவரை ஃபிட்டர் என்று சொல்லி வேலைக்கு எடுத்தது. ஸ்பேனரைக் கண்ணில் காட்டாமல் ஊர் ஊராக ஆட அனுப்பியது. அன்றைக்குத் தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் அதுதான். மாநில அணியிலும் பின்வரிசையில் நின்றார். பத்திரிகைகளில் அவர் பெயர் தவறாமல் வந்தது, ‘மற்றும் பலர்’ என்ற வடிவில்.

பந்து கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தால் அவர் நடுவரைப் பார்க்க மாட்டார், எதிரணியைப் பார்க்க மாட்டார், எங்களையும் பார்க்க மாட்டார். நேராகப் போய்ப் பந்தை எடுத்துப் பார்ப்பார். கோட்டில் பட்டிருந்தால் கம்பளியில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். மனிதர்கள் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தாம்பரத்தில் ஓர் இறுதி ஆட்டம். எதிரணி அடித்த பந்து தனசிங்குக்குப் பின்னால் விழுந்தது. நடுவர் அவுட் என்றார். கோப்பை எங்களுக்கு! நாங்கள் மேனேஜரைத் தோளில் தூக்கிவிட்டோம். தனசிங் மட்டும் பந்தோடு நடுவரிடம் போனார்.

“சார், இதுல சுண்ணாம்பு கீது. உள்ள வுயுந்துக்குது.”

நடுவர் தீர்ப்பை மாற்றினார். மேனேஜரை இறக்கினோம். ஆட்டம் தொடர்ந்தது. தோற்றோம். அடுத்த மாதமே கம்பெனிக்குத் தனசிங் ஃபிட்டர் என்பது நினைவுக்கு வந்தது; அவரை மெஷின் ஷாப்புக்கு அனுப்பியது. அந்த நடுவர்தான் இதோ உட்கார்ந்திருக்கும் ஸ்ரீநிவாசராகவன் சார். வாழ்க்கையில் ஒரே ஒரு தீர்ப்பைத்தான் நம்பிச் சொன்னேன், அதுவும் அவன் சொன்னது என்று சற்று முன்புகூட என்னிடம் சொன்னார்.

இனி மைதானத்துக்கு வருகிறேன். இந்த மண்டபத்துக்குப் பின்னால் தனசிங் ஆடியும் பழக்கியும் வந்த அந்த மைதானம் நம் தலைவர் ஏகநாதனின் குடும்ப நிலம். அவருடைய தந்தையார் பூப்பந்துப் பிரியர். ஊர் கூடிய இடத்தில் அவர் தனசிங்கிடம் சொன்னார்: “நீங்க ஆடுற வரைக்கும் அது உங்க கிரவுண்டு. என்னிக்கு ஒருநாள் ஆட்டம் நிக்குதோ, அன்னியோட அது என் நிலம்.” அப்பா சொன்ன சொல் பத்திரத்தை விடப் பெரிது என்று தலைவர் பல மேடைகளில் முழங்கியிருக்கிறார். அதை நானும் கைதட்டி வரவேற்றிருக்கிறேன்.

தனசிங் அந்தச் சொல்லையும் பந்தைப் போலவே திருப்பிப் பார்த்தார். பிறகு ஒருநாள்கூட ஆட்டத்தை நிறுத்தவில்லை. வெள்ளத்தில் முழங்காலளவு தண்ணீரில் வலை கட்டினார். மகள் ஜாஸ்மின் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டாரை ஐந்து ஐந்து பேராக இறக்கிவிட்டார். பட்டுவேட்டியில் சர்வீஸ் போட்ட சம்பந்தி இங்கேதான் இருக்கிறார். தனசிங்கை அடக்கம் செய்த அன்றும், கல்லறையிலிருந்து நேராக வந்து அவர் பழக்கிய பெண்கள் அணி ஆடியது.

அவர் மருத்துவமனையில் இருந்தபோது தலைவர் ஆப்பிளோடு போனார். “அண்ணே, நீங்க ரெஸ்ட் எடுங்க, கிரவுண்டை நான் பார்த்துக்கிறேன்” என்றாராம். தனசிங் அந்த ஆப்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததாக ஜாஸ்மின் சொன்னாள். பிறகு மகளைக் கூப்பிட்டு, “அவுரு பாத்துக்கினு இருக்கட்டும். நீ ஆடு” என்றார். கடைசியாகத் தெளிவாகப் பேசியது அதுதான்.

அன்பர்களே, இரங்கல் கூட்டம் என்றால் காலையில் வைக்கலாம். இரவில் வைக்கலாம். ஆட்டம் தொடங்குகிற நாலரை மணிக்கு ஏன்? ஆட்டக்காரப் பெண்களுக்கு மட்டும் வீட்டு வாசலுக்கு வேன் ஏன்? துக்கத்துக்கு மரியாதையாக இன்று ஒருநாள் ஆட்டம் வேண்டாம் என்று தலைவர் கண்கலங்கக் கேட்டுக்கொண்டாரே, அந்தக் கண்ணீரை நான் சந்தேகிக்கலாமா? தனசிங்கின் நண்பன் வேறென்ன செய்வேன்?

வரும் வழியில் மைதானத்து மூலையில் ஒரு ஜேசிபி நின்றது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னப்பா விஷயம் என்றேன். “இன்னிக்கு ஆட்டம் லீவாமே சார். இருட்டுனதும் வேலை ஆரம்பிக்கணும்னு சொல்லிக்கிறாங்க.” யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. துக்க நாளில் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது.

மேடையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அது ஜாஸ்மினுடையது. மேடவாக்கம் டிராஃபிக்கில் மாட்டியிருப்பாள் என்று தலைவர் இரண்டு முறை உங்களிடம் வருத்தம் தெரிவித்தார். வேனும் காலியாகத்தான் வந்தது. அந்தப் பெண்கள் எல்லோரும் டிராஃபிக்கில் மாட்டியிருக்க முடியுமா?

தனசிங்குக்கு நான் சிலை வைக்கப்போவதில்லை. என் கை மட்டையைத் தூக்கும் வரை ஒரு பக்கத்தில் ஒரு ஆள் குறையாது. அது மட்டும்தான் என் வாக்கு. அதையும் நம்பாதீர்கள், நாளைக்கு வந்து பாருங்கள்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது மௌன அஞ்சலி. அதை மைதானத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தலைவர் முன்னால் நடக்கட்டும். இரண்டு நிமிடம் நாம் வாயை மூடிக்கொண்டு நின்றால், அங்கே கேட்பது பந்தின் சத்தமா ஜேசிபியின் சத்தமா என்பது ஊருக்கே தெரிந்துவிடும். ஓரமாக நிற்பவர்கள் கொஞ்சம் பார்த்து நில்லுங்கள். கோடு இன்றைக்குப் போட்டது. சுண்ணாம்பு செருப்பில் ஒட்டும்.