சாம்பல் நிறத்தில் ஒரு வேர்க்கடலை இலை

செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் மடியில் பயிர் மருந்துப் பை இருந்தது.

"கடைக்காரன் நம்மள ஏமாத்திட்டான். போட்டோவுல சாம்பலா இருக்கிற இலையை மஞ்சள்னு சொல்றான்" என்றார் அவர்.

"இலை ஏன் சாம்பலா இருக்குது?"

"ஓயாம வீடியோ பாக்கறேன்னு நீதானே பொண்ண வுட்டு என் போனைக் கறுப்பு வெள்ளையா மாத்தின? அதுலதான் வேர்க்கடலை இலையைப் படம் புடிச்சு அவனுக்கு அனுப்பினேன்."

"சரி, கொல்லையில இலை இன்னா கலரு?"

"மஞ்சள்தான்."

"அப்புறம் இன்னா?"

"அது அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? இந்த மருந்தை அடிக்கறதா வேணாமா?"

அந்த அம்மாவுக்கும் விளங்கவில்லை. "எனக்கு அனுப்புங்க, பாக்கலாம்."

அனுப்பினார். அந்த அம்மாவின் போனில் இலை பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. இரண்டு போன்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அப்ப கலர் உள்ளயேதான் இருக்குது. எனக்குதான் காட்டல" என்றார் அவர் மெதுவாக. "உன் போனைக் கொஞ்சம் குடு."

அந்த அம்மா போனை இடுப்பில் செருகிக்கொண்டு, "மருந்தை அடிங்க" என்றார்.