அமெரிக்காவுக்குப் பாறணைச் செலவு

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் கால்சாப் பகுதியில், காசு அனுப்பும் கடை வரிசையில், வீட்டு வேலை முடித்து வந்த இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் நின்றார்கள். நீலக் கோட்டுக்காரி சொன்னாள்:

“இந்தமுறை ஊருக்கில்லை. அமெரிக்காவிலை இருக்கிற அக்காவுக்கு அனுப்பப்போறன்.”

மற்றவள் வாய்விட்டுச் சிரித்தாள். “உனக்கென்ன விசரே? அவையெல்லோ எங்களுக்கு அனுப்பிறவை!”

“போனிலை ஒவ்வொரு நாளும் என்ன கறியெண்டு கேக்கிறனான். வெள்ளிக்கிழமை விரதமெண்டா, சரி. பிறகு செவ்வாயும் விரதமாம். நேற்றும் விரதமாம். புதன்கிழமை ஆர் விரதம் பிடிக்கிறது? மீனில்லாமல் சோத்திலை கை வைக்காத மனுசி!”

“அங்கையும் சாமான் விலையோ?”

“ஓம். வீட்டு வாடகையும் கூட்டிப்போட்டாங்களாம். அத்தான்தான் சொன்னவர். அக்கா வாய் திறக்கமாட்டா.”

“உன்ரை காசை அவ வாங்கமாட்டா. திருப்பி அனுப்பிப்போடுவா.”

நீலக் கோட்டுக்காரி கைப்பைக்குள்ளிருந்து அடையாள அட்டையை எடுத்தாள். வரிசையில் அடுத்தது அவள்தான்.

“அனுப்பட்டும், பாப்பம். இவ்வளவு நாள் விரதம் பிடிச்சவ, அதை முடிக்கப் பாறணைக்குச் சமைக்கத்தானே வேணும்? அந்தச் செலவுக்கெண்டு சொல்லித்தான் போடுறன். காசு வேண்டாமெண்டால், விரதம் பொய்யெண்டு அவ தன்ரை வாயாலை சொல்லோணும்.”